ஆற்றுக்குக் கடப்பிதழ் தேவையில்லை

ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்ல நமக்குக் கடப்பிதழ் வேண்டும். ஆற்றுக்கு அது தேவையில்லை. ஆற்றின் மேற்பகுதியில் கலக்கும் நஞ்சு, எல்லை கடந்து அடுத்த நாட்டு மக்களின் குடிநீரையும் கெடுத்துவிடும். ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு பேரிடர் இவ்வுண்மையை உணர்த்தியது.

ருமேனியாவின் வடமேற்கில் பாயா மாரே என்னும் சுரங்க நகரம் உள்ளது. அங்கிருந்த ஓர் ஆலை, பழைய சுரங்கக் கசடுகளிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து வந்தது. தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சயனைடு என்னும் கொடிய நச்சுப்பொருள் பயன்படுத்தப்பட்டது. கழிவுநீர் ஒரு பெரிய தேக்கத்தில் சேர்த்து வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இரவு, மழையாலும் பனி உருகியதாலும் அத்தேக்கம் நிரம்பி, கரை உடைந்தது. ஏறத்தாழ 100,000 கன மீட்டர் நச்சுநீர் வெளியேறி ஆற்றில் கலந்தது.

இரண்டே நாள்களில் அந்நீர் அண்டை நாடான ஹங்கேரியை எட்டியது. திஸா ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஹங்கேரியில் மட்டும் 1,000 டன்னுக்கும் அதிகமான மீன்கள் மடிந்தன. அந்தத் தங்கத்தில் குன்றிமணி அளவுகூடப் பெறாத மீனவர்கள் தங்கள் பிழைப்பை இழந்தனர். பின்னர், நச்சுநீர் அன்றைய யூகோஸ்லாவியாவிற்குள் புகுந்து, டான்யூப் ஆற்றின் வழியே கருங்கடலை நோக்கிச் சென்றது.

இதற்கு முன்பே, 1994ஆம் ஆண்டில், டான்யூப் ஆற்றைப் பாதுகாக்க அப்பகுதி நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. விபத்து நேர்ந்தால் கீழ்ப்பகுதி நாடுகளை உடனே எச்சரிக்கும் ஏற்பாடும் இருந்தது. அதனால், நச்சுநீர் வருமுன்னரே ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்திவைக்க முடிந்தது. ஆனால், எச்சரிக்கை மனிதரைக் காக்குமே தவிர, ஆற்றைக் காக்காது.

எனவே, விபத்தையே தடுக்கும் பொதுவிதிகள் தேவைப்பட்டன. 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் சுரங்கக் கழிவுகள் பற்றிய சட்டநெறியை வகுத்தது. அதன்படி, கழிவுத் தேக்கத்தில் இருக்கக்கூடிய சயனைடின் அளவிற்கு வரம்பு விதிக்கப்பட்டது. நிலத்தைச் சீர்செய்வதற்கான நிதிக்கு, கழிவு சேர்க்கத் தொடங்கும் முன்னரே நிறுவனம் உறுதியளிக்க வேண்டும். அண்டை நாட்டைப் பாதிக்கக்கூடிய திட்டமாயின், அந்நாட்டிற்கும் தகவல் தர வேண்டும். 2009ஆம் ஆண்டில் ஹங்கேரி, தன் மண்ணில் சயனைடு கொண்டு கனிமம் பிரிப்பதற்குத் தடை விதித்தது. ஆயினும், திஸா ஆறு ஹங்கேரிக்கு வெளியே இருந்தல்லவா பாய்ந்து வருகிறது? ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். கூட்டாக ஏற்ற விதியே ஆற்றோடு சேர்ந்து பயணம் செய்யும்.

இப்பாடம் நமக்கும் பொருந்தும். மலேசியாவில் நிலமும் கனிமமும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளன. கெடாவிலிருந்து பாய்ந்து வரும் மூடா ஆறு, பினாங்கு மக்களின் குடிநீர்த் தேவையில் பெரும்பங்கை நிறைவு செய்கிறது. ஒரு மாநிலத்தின் காட்டிலும் மலையிலும் எடுக்கப்படும் முடிவு, மற்றொரு மாநிலத்தின் குழாய்நீரில் வெளிப்படலாம். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர் நம் முன்னோர். அந்த அணையை ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் அனைவரும் சேர்ந்தே கட்ட வேண்டும்.