நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆயுசுக்கும் ஒரே டார்ச் லைட்

விலை கூடினாலும் பரவாயில்லை, ஒரே ஒரு நல்ல டார்ச்சாக வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. நினைப்பில் தவறில்லை. ஆனால் நல்ல டார்ச் எது என்று கண்டுபிடிக்க அவர்கள் பார்ப்பது எல்.இ.டி.யின் ஆயுளை, உடம்பின் கனத்தை, அட்டையில் அச்சிட்ட லூமென் எண்ணிக்கையை. இந்த மூன்றும் டார்ச்சின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. உள்ளே போடும் பேட்டரிதான் தீர்மானிக்கிறது: அது என்ன வகை, என்ன அளவு, கையால் கழற்றி மாற்ற முடியுமா, முடியாதா. கடைக்குப் போகிறவர் முதலில் பேட்டரியை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற டார்ச்சைப் பிறகு தேட வேண்டும் என்பது என் கட்சி.

அட்டையில் ‘50,000 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் எரித்தால் 137 வருடம் வரும். எண் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எல்.இ.டி.யின் ஆயுள், டார்ச்சின் ஆயுள் அல்ல. சூடு அளவுக்கு மீறாமல் எரிந்தால், புதிதில் இருந்த வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்க அவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் பொதுவாக அந்த எண்ணின் பொருள். குண்டு பல்பு டார்ச்சில் நிலைமை தலைகீழ். பரவலாகப் புழங்கிய சில டார்ச் பல்புகளுக்குச் சொல்லப்பட்ட ஆயுளே 15 மணி நேரம்தான். இழையைக் கடும் சூட்டில் எரித்தால்தான் சின்ன பேட்டரியில் போதிய வெளிச்சம் வரும். அப்படி எரித்தால் இழை சீக்கிரம் போய்விடும். அதனால்தான் பல டார்ச்சுகளின் பின்மூடிக்குள் உபரி பல்பு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். ‘அந்தக் காலத்துப் பித்தளை டார்ச் மாதிரி வருமா, முப்பது வருடம் உழைத்ததே’ என்கிற பேச்சும் இந்த இடத்தில்தான் பிசகுகிறது. உழைத்தது கூடு. பல்பும் பேட்டரிக் கட்டையும் எத்தனையோ தடவை மாறியிருக்கும். மாற்ற முடிந்தது, மாற்றிப் போடுவதற்கான சாமான் பெட்டிக்கடையில் கிடைத்தது. அதனால் கூடு நிலைத்தது.

இன்று கடைகளில் முன்வரிசையில் நிற்பவை சார்ஜ் டார்ச்சுகள். இனிமேல் பேட்டரியே வாங்க வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். பேட்டரி வாங்க வேண்டாம்தான். டார்ச்சையே மறுபடி வாங்க வேண்டிவரும். மலிவான பெரிய சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றுக்குள் இருப்பது ஈய-அமில பேட்டரி. காலியான நிலையில் அதைச் சில மாதம் பரணில் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு ராத்திரி முழுக்க பிளக்கில் செருகி வைத்தாலும் சரியாகச் சார்ஜ் ஏறாது. கரண்ட் போகும்போது மட்டும் டார்ச்சைத் தேடும் வீடுகளில் நடப்பது இதுதான். லித்தியம் அயான் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அதற்கும் வயதாகிக்கொண்டே இருக்கும். முழுச் சார்ஜோடு வெயிலில் காயும் காருக்குள் கிடந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். ஒட்டி மூடிய கூட்டுக்குள் அது செத்துப்போனால், 50,000 மணி நேர எல்.இ.டி.யும் கூடவே குப்பைக்குப் போகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் சார்ஜ் டார்ச் முதல் சில இரவுகளோடு சரி. பவர் பேங்க் இருக்கிறதே, சோலார் பலகை இருக்கிறதே என்று கேட்கலாம். வைத்திருப்பவர்களுக்கு நியாயமான கேள்விதான். ஆனால் அவசரத்துக்கு எடுக்கும் பொருள் வேலை செய்ய இன்னொரு பொருளின் தயவு தேவைப்பட்டால், கைவிடக்கூடிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது.

அப்படியானால் மூன்று கட்டை போடும் கனத்த அலுமினிய டார்ச்தான் ஆயுசுக்கும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1979இல் அமெரிக்காவில் வந்த மேக்லைட்டைப் போன்றவை நாலு தடவை கீழே போட்டாலும் நசுங்காது, இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. அவற்றுக்கு ஆபத்து உள்ளேயிருந்து வருகிறது. அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கசிந்தால் அது அலுமினியத்தையே அரிக்கும். செல் உப்பிக் குழாயோடு இறுகிக்கொண்டால், தட்டினாலும் நெம்பினாலும் லேசில் வராது. சாதாரணக் கட்டையில் துத்தநாகக் கூடே மின்முனையும்கூட; எரிய எரிய அந்தக் கூடு கரைந்து மெலியும், காலியானதை உள்ளேயே விட்டுவைத்தால் ஓட்டை விழும். வரிசையாகப் போட்ட மூன்றில் ஒன்று முதலில் தீர்ந்துவிட்டால், மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும். உள்ளே வாயு சேரும், அடைப்பு விடும், கசியும். பழைய கட்டையோடு புதியதைச் சேர்த்துப் போடாதே என்பதற்குக் காரணம் இதுதான். கட்டைகள் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். ஒற்றைச் செல் டார்ச்சில் இந்த வழியில் கசிய வாய்ப்பே இல்லை. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற சீட்டை நம்புகிறவர்கள் அதன் பொடி எழுத்தில் பேட்டரிக் கசிவு விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

லூமென் கணக்குக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, ஒரு பெருக்கல் போதும். 18650 என்ற அளவுள்ள லித்தியம் செல்லின் கொள்ளளவு 3,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால், அதில் இருப்பது சுமார் 11 வாட்-மணி மின்சாரம். நல்ல டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும். ஆக, மொத்தக் கையிருப்பு 1,100 லூமென்-மணி. 3,000 லூமென் என்று சொல்லும் டார்ச் அந்தச் செல்லில் அதே வெளிச்சத்தோடு அரை மணி நேரம்கூடத் தாங்காது. சூடு தாங்காமல் சில நிமிடங்களிலேயே தானாக இறங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்.எல்.1 என்ற தர அளவுகோலிலும் எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகும் வரையிலான நேரம். அதில் வரும் ‘200 மீட்டர் தூரம்’ என்பது, அங்கே 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு, ஒளி விழும் தூரம். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போகிறவருக்கு வரப்பில் கிடப்பது கயிறா கட்டுவிரியனா என்று தெரிய நிலா வெளிச்சம் போதாது. தூரம் கால்வாசியானால் ஒளி பதினாறு மடங்கு. அதே டார்ச் 50 மீட்டரில் 4 லக்ஸ் தரும். அட்டையில் உள்ள தூரத்தைக் காலாக்கிக்கொண்டு படித்தால் ஏமாற்றமில்லை.

செல்போனிலேயே லைட் இருக்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமாக: அந்த ஒளி பரவுமே தவிரப் பாயாது, வரப்புக்கு அது பயன்படாது. மேலும், கரண்ட் இல்லாத நேரத்தில் போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். வலுவான ஆட்சேபம் வேறொன்று. எடைக்கு எடை அதிக மின்சாரம் வைத்திருப்பது லித்தியம். கழற்றக்கூடிய 18650 செல்லாகவே போட்டுக்கொண்டால் என்ன? காட்டிலும் தோட்டத்திலும் தினமும் தூரம் பார்க்க வேண்டியவர்களுக்கு அதுவே சரி, மறுக்க முடியாது. 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட போலிகளை மட்டும் தொடக்கூடாது. அந்த அளவுச் செல்லில் இன்று அதில் பாதியைக்கூட அடைக்க முடியாது. ஆனால் ‘ஆயுசுக்கும்’ என்று பேசினால், 18650க்கு எதிர்காலம் உறுதியில்லை. டெஸ்லா தன் தொடக்கக் கார்களில் அதைத்தான் வைத்தது. 2017இல் வந்த மாடல் 3 காருக்கு 21700 என்ற பெரிய அளவுக்கு மாறிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பென்சில் பேட்டரியின் அளவோ 1947இல் அமெரிக்காவில் முறைப்படுத்தப்பட்டது. வேதிப்பொருள் எத்தனையோ மாறிவிட்டது, அளவு மாறவில்லை. இன்னும் முப்பது வருடம் கழித்துப் பெட்டிக்கடையில் எது கிடைக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், இதன் மேல்தான் கட்டுவேன்.

ஆக, வீட்டுக்கு ஒரே டார்ச் என்றால் ஒன்று அல்லது இரண்டு பென்சில் பேட்டரி போடும் எல்.இ.டி. டார்ச். 100 முதல் 200 லூமென் போதும். அன்றாடத்துக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் செல். கும்மிருட்டு நாட்களுக்குப் பிரிக்காத அல்கலைன் ஒரு பாக்கெட், டார்ச்சுக்கு வெளியே. சார்ஜ் செல்லில் 1.2 வோல்ட்தானே, மங்காதா என்றால், அல்கலைன் 1.5இல் தொடங்கினாலும் எரியத் தொடங்கியபின் இறங்கிக்கொண்டே வரும். நிக்கல் செல் பெரும்பகுதி நேரம் 1.2இலேயே நிற்கும். மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று உள்ள டார்ச்சில் வித்தியாசம் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போது பின்மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மரை கரகரக்காமல் சுற்ற வேண்டும், ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், சுவிட்ச் தனியே கழன்று வந்தால் உத்தமம். வருடத்துக்கு ஒருமுறை அந்த வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ் தடவலாம். அல்கலைன் போட்டிருந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி தெரிந்தால், எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டபின் புதுச் செல்லைப் போடலாம்.