வாரக்கணக்கில் இருட்டு

கேள்வி: குளிர் நாட்டுக் கிராமங்களில் பனிப்புயலால் பல நாள் மின்சாரம் போனால் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், கிழக்கு ஒன்டாரியோ பகுதிகளில் நாட்கணக்கில் பெய்த உறைமழை, கம்பிகளில் கனத்த பனிக்கட்டியாகப் படிந்தது. பாரம் தாங்காமல் சுமார் 1,000 எஃகுக் கோபுரங்களும் 30,000-க்கும் மேற்பட்ட மரக்கம்பங்களும் சாய்ந்தன. மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம் வரை மின்சாரம் இல்லை. ராணுவம் இறங்கி உதவியது.

கிராமத்தில் மின்சாரம் போனால் தண்ணீரும் போய்விடும். கிணற்று மோட்டார் ஓடாது. பால்பண்ணைக்காரர்கள் பாடு இன்னும் கொடுமை. கறவை இயந்திரம் நின்றால் மாட்டுக்கு மடி கட்டி, மடிநோய் வரும். ஒரே ஜெனரேட்டரைப் பண்ணை பண்ணையாக இழுத்துப்போய் முறைவைத்துக் கறந்தார்கள். அப்படிக் கறந்த பாலையும் குளிரூட்ட வழியின்றிக் கொட்டியவர்கள் பலர். உழைப்பவனுக்கு இதைவிட வேதனை எது?

வீடுகளில், விறகடுப்புள்ள ஓர் அறையில் குடும்பமே அடைந்து, மற்ற அறைகளைச் சாத்திவிடுவது பழைய வழி. இன்றும் அதுவே நல்ல வழி. குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்க நீரை வடித்துவிட வேண்டும். அடுப்பில்லாதவர்கள் முகாம்களுக்குப் போனார்கள்.

குளிரைவிட வஞ்சகமானது, ஜெனரேட்டரும் கரி அடுப்பும் கக்கும் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. அந்தப் புயலில் அந்த நச்சுக்குப் பலியானவர்கள் உண்டு. குளிர் நாட்டில் உங்கள் பிள்ளைகள் இருந்தால் அழுத்திச் சொல்லுங்கள்: ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்குள்ளோ ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது.