மால்டாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

மால்டா 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியைவிடச் சின்ன நாடு. அதற்குள் 300-க்கு மேல் கோவில்கள். கடலில் குளிக்க நான்கு நாள், கோவில் பார்க்க ஒரு நாள் என்று திட்டம் போட்டுக்கொண்டு, "எதையெல்லாம் பார்க்கலாம்?" என்று கேட்டு வருகிறீர்கள். எதைப் பார்ப்பது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது என்பதையே நான் சொல்ல விரும்புகிறேன். எந்தச் சுவருக்காகப் படம் வரையப்பட்டதோ, அந்தச் சுவரிலேயே இன்றும் அதைப் பார்க்கக் கிடைக்கிற தீவு அது. படத்தை இடத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள்.

1. ஒரு நாளைக்கு இரண்டு கோவில் போதும். முதல் முறை போனபோது நான் ஒரே நாளில் ஏழு கோவில் ஏறி இறங்கினேன். இரவு படுத்து யோசித்தால் எந்தப் பீடம் எந்த ஊரில் என்று பிரிக்க முடியவில்லை. அந்த ஏழில் ஐந்துக்கு இன்னொரு முறை போகவேண்டியதாயிற்று.

2. தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். கடற்கரையிலிருந்து நேராக வருகிறவர்கள் பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். வல்லெட்டாவில் உள்ள புனித யோவான் இணைப் பேராலயத்தில் கூர்மையான ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நடக்க விடமாட்டார்கள். தரை கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

3. அந்தத் தரையிலிருந்தே தொடங்குங்கள். 1565-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கி நின்ற யோவான் சபை வீரர்கள், 1570-களில் கட்டிய கோவில் அது. கட்டியவர் ஜிரோலமோ கஸ்ஸார், கோட்டை கட்டும் பொறியாளர். அதனால் வெளிமுகம் கோட்டைச் சுவர்போல மொட்டையாக இருக்கும். உள்ளே கால் வைத்ததும் தங்கம் கண்ணை அடிக்கும். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனியுங்கள். கிட்டத்தட்ட 400 வீரர்களின் கல்லறைப் பலகைகள்தான் அந்தத் தரை. நிறநிறமான பளிங்கை வெட்டிப் பதித்து, குலச்சின்னமும் எலும்புக்கூடும் மணற்கடிகாரமும் வரைந்திருக்கிறார்கள். சாவின் மேல் நடந்துபோய்த்தான் பீடத்தை அடைய வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பிறகு சுவர். அந்தப் பூவேலை வேறெங்கோ செய்து கொண்டுவந்து ஒட்டியது அல்ல. சுவர்க்கல்லையே நின்ற இடத்தில் செதுக்கிப் பொன் பூசியிருக்கிறார்கள். மால்டாவின் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் உளிக்கு இளகிக் கொடுக்கும். கடைசியாகக் கூரை. மத்தியா பிரெத்தி 1661 தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள், கல்லின் மேலேயே எண்ணெய் வண்ணத்தில் யோவானின் வாழ்க்கையை வரைந்தார். வளைவின் ஓரங்களில் சிலைகள் அமர்ந்திருப்பதுபோலத் தெரியும். உற்றுப் பாருங்கள், எல்லாம் வெறும் நிழல்வண்ணம். அவரையும் அதே தரையின் கீழ்தான் புதைத்தார்கள்.

4. பக்கத்து ஜெபக்கூடத்துக்குத் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். காரவாஜியோ 1608-இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம், பீடத்துக்குப் பின்சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அகலம் 5 மீட்டருக்கு மேல்.

கிட்டே ஓடாதீர்கள். வாசலருகே நின்று, அந்தக் கூடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். சபையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்ற இடம். விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கத் தயாராக வேண்டியவர்கள். அவர்கள் கண்ணெதிரே வைக்கப்பட்டது வெற்றிக்கோலத்தில் நிற்கும் புனிதர் அல்ல. சிறைமுற்றத்தில் கை பின்னால் கட்டப்பட்டு, மண்ணில் குப்புறக் கிடக்கிற மனிதர். வேலை இன்னும் முடியவில்லை. கொலைஞன் இடுப்பின் பின்னால் இருக்கும் குத்துவாளுக்குக் கை நீட்டுகிறான். சிறைக்காவலன் தட்டைக் காட்டுகிறான். ஒரு கிழவி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு பதறுகிறாள். கம்பிக்குப் பின்னால் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். படத்தில் பாதி வெற்றுச் சுவர். அந்த வெறுமையில்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

பிறகு கிட்டே போய் இரத்தத்தைப் பாருங்கள். யோவானின் கழுத்திலிருந்து வழிந்த சிவப்பைக்கொண்டே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே படம் இதுதான். ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவர் அவர். படம் வரைந்த அதே 1608 ஜூலையில் சபை அவரை வீரராகச் சேர்த்துக்கொண்டது. சில மாதத்தில் இன்னொரு சண்டை, சிறை, தப்பியோட்டம். டிசம்பர் 1 அன்று சபை இதே கூடத்தில் கூடி, அவர் இல்லாமலேயே, அவர் படத்தின் முன்னிலையில் அவரை விலக்கியது. இந்தப் படத்தை வேறு எந்த ஊரில் மாட்டினாலும் பாதிதான் புரியும்.

5. ஒரு திருப்பலியிலாவது உட்காருங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பின்வரிசையில் அமைதியாக இருக்கலாம். மால்டா மொழி அரபியிலிருந்து கிளைத்தது. எழுதுவது லத்தீன் எழுத்தில். கத்தோலிக்க மக்கள் கடவுளை "அல்லா" என்று கூப்பிட்டு ஜெபிப்பதை அங்கே கேட்பீர்கள். தவக்காலத்துக்குப் பெயர் "ரந்தான்". அந்தத் தீவின் ஆயிரம் ஆண்டு வரலாறு இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. பூசை நேரத்தில் கேமராவை எடுக்கவே கூடாது.

6. மொஸ்டா ஊர்க் கோவிலில் குண்டைத் தேடி ஓடாதீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் குண்டு கவிகையைத் துளைத்து, மாலைப் பூசைக்குக் கூடியிருந்த மக்கள் நடுவே விழுந்து, வெடிக்காமல் கிடந்தது. அதன் மாதிரியைப் படம்பிடித்துவிட்டு எல்லாரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கட்டிய விதம். 1833-இல் வேலை தொடங்கியபோது பழைய கோவிலை இடிக்கவில்லை. அதைச் சுற்றியே புதிய சுவரை எழுப்பினார்கள். 27 ஆண்டுகள் உள்ளே பூசை, வெளியே கொத்துவேலை. நடுவில் நின்று, பழைய கோவில் இங்கேதான் இருந்தது என்று எண்ணிப்பாருங்கள்.

7. சில கோபுரங்களில் இரண்டு கடிகாரம் இருக்கும், ஒன்று தப்பு நேரம் காட்டும். பூசைநேரம் தெரியாமல் பேயைக் குழப்பவாம். ஊர்க்காரர்கள் சொல்வது.

8. கோடையில் போனால் எந்த ஊரில் திருநாள் என்று விசாரியுங்கள். கோவில் சுவர்களில் சிவப்புப் பட்டு தொங்கும், வாத்தியக் குழு வரும், வாணவேடிக்கை நடக்கும், பாதுகாவலரின் சுரூபம் தோளில் ஏறும். நம்மூர் சப்பரம் தூக்கியவர்களுக்கு அந்தத் தோள்வலி புரியும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு, வல்லெட்டாவில் புனித பவுல் கப்பலுடைந்து கரையேறிய விழா பிப்ரவரி 10. (எங்கள் தலைமுறை அவரைச் சின்னப்பர் என்றுதான் சொல்லும்.)

9. கோசோ தீவுக்குக் கட்டாயம் படகேறுங்கள். விக்டோரியா பேராலயத்தில் அண்ணாந்தால் கவிகை தெரியும். உண்மையில் அங்கே கவிகையே இல்லை. தட்டையான கூரையில் 1739-இல் வரைந்த ஓவியம் அது. நான்கு அடி தள்ளி நின்றால் சாயும்.

அங்கிருந்து தா பீனு கோவில். 1883-இல் கர்மனி கிரீமா என்ற குடியானவப் பெண் வயல்நடுவே இருந்த சிறு கோவிலில் மாதாவின் குரலைக் கேட்டதாகச் சொன்னாள். பெரிய கோவிலைப் பிறகு கட்டினாலும் அந்தச் சிறு கோவிலை உள்ளேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்து அறைகளில் நேர்ச்சைப் பொருள்கள்: பைக் விபத்தில் பிழைத்தவரின் ஹெல்மெட், பிழைத்த குழந்தையின் சட்டை, மாவுக்கட்டு, நன்றிக் கடிதங்கள். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கையும் காலும் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காரவாஜியோ படத்துக்குக் கொடுத்த அதே அரைமணி நேரத்தை இந்த அறைகளுக்கும் கொடுங்கள். மால்டாவுக்குத் திரும்பும் படகு இரவு முழுக்க ஓடுகிறது.