நம்மை நாமே அளந்து பார்ப்போம்

பரீட்சை என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். வகுப்புக்கு நாள் தவறாமல் வருவார்கள். பரீட்சை அன்று மட்டும் வர மாட்டார்கள். "இந்த வயதில் தோற்றுப் போனால் பேரப்பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?" என்பார்கள்.

இந்தப் பயம் தேவையா? யோசிப்போம்.

வீட்டில் கையால் அள்ளி அரிசி போடுகிறோம். சோறு சரியாகத்தான் வருகிறது. கடையில் அப்படி முடியாது. அங்கே முத்திரை போட்ட எடைக்கல் வேண்டும். இரண்டும் அளவுதான். ஒன்று நமக்காக. மற்றது ஊருக்காக.

படிப்பிலும் இரண்டு அளவு உண்டு.

நமக்கான அளவு

1988 மே 5-ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதில் கற்போருக்கு மூன்று பாடநூல்கள். சோதனைகள் அந்த நூல்களுக்குள்ளேயே இருந்தன. கற்பவரே செய்து பார்க்கலாம். ஒருவர் சீக்கிரம் முடிப்பார். ஒருவர் மெதுவாக முடிப்பார். யாருக்கும் யாரும் போட்டி இல்லை.

எவ்வளவு தெரிந்தால் போதும் என்றும் அந்த இயக்கம் சொன்னது. ஒரு நிமிடத்தில் 30 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதினால் நிமிடத்துக்கு 7 சொற்கள். சொல்லக் கேட்டு எழுதினால் 5 சொற்கள். மூன்று இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிய வேண்டும்.

ஊருக்கான அளவு

2022-இல் தொடங்கிய உல்லாஸ் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் தேர்வு எழுதலாம். படித்தல் 50, எழுதுதல் 50, கணக்கு 50. மொத்தம் 150 மதிப்பெண். மைசூரில் எழுதினாலும் மதுரையில் எழுதினாலும் இதே அளவுதான். தேறினால் சான்றிதழ் கிடைக்கும். மதிப்பெண் குறைந்தால் "இன்னும் முன்னேற்றம் தேவை" என்றுதான் குறிப்பார்கள். மறுபடியும் எழுதலாம்.

எது நல்லது?

தேர்வு மொத்த மதிப்பெண்ணைச் சொல்லும். 'ழ'வா, 'ள'வா என்று நாம் தடுமாறும் இடத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றவும் கூடும். பலமுறை கேட்ட பாடம் மனப்பாடம் ஆகிவிடும். எழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். அது படிப்பு ஆகாது. ஆகவே, புதிய பத்தியை எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படிப் பழகியவருக்குத் தேர்வு பயம் இருக்காது.

செய்து பாருங்கள்

1. கீழே 30 சொற்கள் உள்ளன. ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள்.

மைசூரில் தேவராஜா மார்க்கெட் உள்ளது. அங்கே பூக்கடைகள் உண்டு. மல்லிகை மணக்கும். வாழைப்பழம் குலை குலையாகத் தொங்கும். காலையில் கூட்டம் அதிகம். விலை கேட்டு வாங்க வேண்டும். பணம் கொடுத்தால் மீதியை எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு தெரிந்தால் ஏமாற மாட்டோம்.

2. 365 ரூபாய்க்குச் சாமான் வாங்கினீர்கள். 500 ரூபாய் கொடுத்தீர்கள். மீதி எவ்வளவு?

3. தடுமாறிய சொற்களை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் தேதி போடுங்கள். அடுத்த மாதம் அதே சொற்களைப் படித்துப் பாருங்கள்.

கலந்து பேசுங்கள்

பரீட்சைக்குப் பயந்து வராதவர் உங்கள் தெருவில் உண்டா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?