முகத்தை விடு, சுவரைப் பார்

பாப்பாவுக்கு,

கடிதமும் மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. சினிமா பார்த்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரைந்ததாக எழுதியிருக்கிறாய். ‘ரோஷ்ஃபோர் நகரத்து இளம்பெண்கள்’ அப்படிச் செய்யக்கூடிய படம்தான். ழாக் தெமி 1967இல் எடுத்தது. பிலிம் சொசைட்டியில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று, பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தும் வீடுவரை நடந்தே வந்தேன்.

ஆனால் மூன்று படத்திலும் நீ வரைந்திருப்பது அதில் நடித்த கேத்தரின் தெனவ்வின் முகம். அது பேனர் வேலை, பாப்பா. காலமெல்லாம் கட்டம் போட்டு நடிகர் முகம் வரைந்தவன் சொல்கிறேன், அந்தப் படத்தின் சந்தோஷம் முகத்தில் இல்லை. சுவரில் இருக்கிறது.

ரோஷ்ஃபோர் கடற்படைக்காகக் கட்டிய ஊர். நேர்நேரான தெருக்கள், வெளிறிய கல் வீடுகள். கலை இயக்குநர் பெர்னார் எவேன் ஸ்டுடியோவில் செட் போடாமல் ஊருக்கே பெயின்ட் அடித்தார். சுமார் 40,000 சதுர மீட்டர் சுவர் என்பார்கள். ஜன்னல் கதவுகளுக்கு இளஞ்சிவப்பு, வானநீலம், மஞ்சள். சுற்றிலும் வெள்ளை கிடப்பதால்தான் அந்தக் கதவுகள் கண்ணில் வந்து நிற்கின்றன. உன் மூன்றாவது படத்தில் ஒரு விரல் அகலம்கூடச் சும்மா விடவில்லை நீ. கண் எங்கே போய் உட்காரும்?

இன்னொன்றும் கவனித்தாயா? நாயகிகளான அக்கா தங்கை இருவரும் படம் நெடுக வெளிர்நிற உடையில் வந்துவிட்டு, திருவிழா மேடையில் மட்டும் ஜிகினா வைத்த சிவப்பில் ஏறுகிறார்கள். அதுவரை சிவப்பைக் கையிருப்பில் வைத்திருந்தார் தெமி. நீ முதல் தீற்றலிலேயே குழாயைப் பிதுக்கிவிடுகிறாய்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு கொலையும் உண்டு. பெண்ணைத் துண்டு போட்ட செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கறுப்பை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பஞ்சுமிட்டாய்.

படத்துக்குள் இரண்டு ஓவியர்கள் வருகிறார்கள். மாக்சான்ஸ் என்ற கடற்படை வீரன், தான் கண்ணால் காணாத பெண்ணை வரைகிறான். காலரிக்காரனோ தொங்கவிட்ட பெயின்ட் பைகளைத் துப்பாக்கியால் சுட்டு கேன்வாஸை நனைக்கிறான். எனக்கு இரண்டாமவனைப் பிடிக்காது; இருந்தாலும் அவன் கையில் ஒரு துணிச்சல் இருக்கிறது. மாக்சான்ஸ் படம் அழகுதான், கொஞ்சம் காலண்டர் படம் மாதிரி.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். படத்தின் தொடக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் நாலு தடவை பார். இரும்புப் பாலத்தில் தொங்கும் மேடை ஆற்றைக் கடக்கிறது. சும்மா நின்று அலுத்துப்போன ஒருத்தர் கையை நீட்டுகிறார், இன்னொருத்தர் முதுகை வளைக்கிறார். சோம்பல் முறிப்பதே நடனமாகிவிடுகிறது. அந்தக் கை எந்த இடத்தில் சோம்பலாக இருந்தது, எங்கே நடனமானது என்று பென்சிலால் மட்டும் பிடி. பிறகு சத்தத்தை வைத்து, திரையைப் பார்க்காமல், மிஷெல் லெக்ராந்தின் இசைக்கு வெறும் கோடு இழு. கலர் பெட்டி ஒரு வாரம் பரண்மேல் இருக்கட்டும்.

அப்புறம் உன் தெருவுக்குப் போ. வெள்ளைச் சுவரும் ஒரே ஒரு கலர் கதவும் அங்கேயும் கிடைக்கும்.

வரைந்ததை போனில் போட்டோ எடுத்து அனுப்பாதே, அதில் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. கேன்வாஸையே தூக்கிக்கொண்டு வா. அத்தை உனக்கு ஆப்பம் சுட்டுத் தருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
மாமா