கணிப்பொறிக் கணக்கும் கடைக்காரர் சொல்லும் குறையும்

கடையில் கணிப்பொறி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் பலரிடம் நாம் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "மெஷின் அப்படித்தான் காட்டுது, நாம என்ன செய்ய முடியும்?" மென்பொருள் எழுதியவர் பெரிய படிப்பாளி, நாமோ மளிகைக்காரர் என்ற தயக்கமே இதற்குக் காரணம். இந்தத் தயக்கம் தேவையற்றது.

நம்மில் பலர் அறிந்த டாலி பிறந்த கதையையே பாருங்கள். ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்று வந்தவர். தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத்தை ஒன்று எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த முயற்சியே பின்னாளில் டாலி ஆயிற்று. அக்காலக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதை நினைவில் வைத்துத்தான் பதிய வேண்டும். டாலியிலோ பேரேட்டில் எழுதுவதுபோல் பார்ட்டியின் பெயரையே அடிக்கலாம். கணக்குப்பிள்ளையின் பழக்கத்துக்கு இயந்திரம் வளைந்து கொடுத்தது. கேட்டவர் தகப்பனார், அதனால் மகன் காது கொடுத்தார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நமக்கு அந்த உறவு இல்லை. எனவே விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரிசியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லை. 25 கிலோ பையைப் பிரித்து நாம் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை. நாங்கள் வாங்கியிருந்த பில்லிங் மென்பொருள் ஒன்றில் 'பொன்னி அரிசி' என்றால் ஒரே வரி விகிதம்தான். சில்லறைக்கும் 5 சதவீதம் சேர்ந்து பில் வந்தது. பில்லைப் படித்த ஒரு வாடிக்கையாளர் அம்மா கேட்ட பிறகே நமக்குத் தெரிந்தது. தவறாக வசூலித்தாலும் வரி என்று வாங்கிய பணம் அரசுக்குச் செலுத்த வேண்டியது, கல்லாவில் தங்காது.

முதலில் போனில், "வரி தப்பா வருது" என்று மட்டும் சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு பில்களை எடுத்து, என்ன சரக்கு, என்ன அடித்தோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். மூட்டை, பை, சில்லறை என மூன்றாகப் பிரித்துப் பதியும் வசதியைச் செய்து கொடுத்தார்கள். எழுதியவருக்கு அரிசி விற்கும் முறை தெரியவில்லை, அவ்வளவே.

குறையைக் கேட்கும்போது பில் போடும் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி அறியாத குறுக்கு வழிகள் அவனிடம் பத்து இருக்கும்.

நாம் கேட்பதெல்லாம் நியாயம் என்றும் சொல்வதற்கில்லை. போன வாரத்துப் பில்லைத் தடம் தெரியாமல் திருத்த வழி கேட்பவர்கள் உண்டு. மென்பொருள்காரர் மறுத்தால் அவர் பக்கமே சரி. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் மென்பொருளே கட்டாயம் என்று விதியே வந்துவிட்டது.

ஆண்டுப் பராமரிப்புப் பணம் கட்டும் நாளே குறைகளைச் சொல்ல ஏற்ற நாள். அதற்கு முன் ஒரு மாதம் கல்லாப் பக்கத்தில் நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, இடறும் இடங்களை அவ்வப்போது குறித்து வாருங்கள்.