கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: என் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக் கண்ணாடியில் இரவானால் வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. மருந்து போட்டுக் கொல்லவா? – வாசகர், சாய்ந்தமருது

பதில்: வேண்டாம். முதலில் விளக்கை அணைத்து, அரை மணி நேரம் கழித்து டோர்ச் அடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் அளவில், கண்ணீர்த்துளி வடிவில், விட்டு விட்டுத் துள்ளினால் அவை கோபிபொட்கள் என்னும் சிற்றுயிர்கள். வாலருகே இரண்டு சிறு பைகள் தொங்கினால் அது முட்டை சுமக்கும் பெண். கடலில் பல மீன்குஞ்சுகளின் முதல் தீனியே இவைதான். உங்கள் தொட்டியிலோ பாசியையும் கழிவையும் தின்று துப்புரவு செய்கின்றன. அசையாமல் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சுருள்கள் குழாய்ப்புழுக்கள். அவையும் தீங்கற்றவை.

துருநிறத்தில், தட்டையாக, வால் பிளந்து வழுக்கிப் போவது தட்டைப்புழு. அதைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மொத்தமாகச் செத்தால் அதன் நஞ்சு மீனைக் கொல்லும்.

செம்பு கலந்த மருந்து இறாலையும் பவள உயிர்களையும் சேர்த்தே அழிக்கும். தொட்டிக் கல்லிலும் ஊறி நிற்கும். அந்தக் கல்லை மாற்றவென்று கடலில் முருகைக்கல் உடைக்கவும் வேண்டாம்; இலங்கையில் அது சட்டப்படி குற்றம்.